கவிநாடு கண்மாய்க்கு வந்த விருந்தாளிகள்

 

போன வாரம் நான் போட்ட பறவைப் படங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். "டீச்சர், இதெல்லாம் வேடந்தாங்கலா?" என்று ஒருத்தி. "பெரியம்மா, கூகுள்ல இருந்து எடுத்ததா?" என்று என் தங்கை மகன். "இந்த வயசுல கண்மாய்க்கரையில என்னத்தடி தேடுற?" என்று அக்கா, அதுவும் எல்லோரும் பார்க்கிற மாதிரி! எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும். வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்தவர்கள்தானே, பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது.

முதலில் படங்கள் எங்கே எடுத்தவை என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவை நம் புதுக்கோட்டையை ஒட்டிய கவிநாடு கண்மாயில் எடுத்தவை. சில, பெயர் சொல்ல விரும்பாத ஒரு சிறு கண்மாயில். ஏன் பெயர் சொல்லவில்லை என்பது பின்னால் வரும்.

நான் 2021 மே மாதம் ஓய்வு பெற்றேன். கொரோனா காலம். மாலை இல்லை, பிரிவு உபசார விழா இல்லை, உங்களில் ஒருவர் முகத்தையும் நேரில் பார்க்க முடியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் காலையில் ஆறு மணிக்கு எழுந்தால் என்ன செய்வதென்று தெரியவில்லை. சர்க்கரைக்காக டாக்டர் நடக்கச் சொன்னார். நடக்க ஆரம்பித்தேன். நடந்தால் கண்ணில் படுவது பறவைதான். மகன் ஊருக்கு வந்தபோது ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தான். லென்ஸ் கழற்றி மாட்டுகிற பெரிய கேமரா இல்லை. நீளமாக சூம் ஆகும், கையில் தூக்கிக்கொண்டு நடக்கலாம், அந்த வகை. கூட ஒரு பைனாகுலர். இவ்வளவுதான் என் சொத்து.

எங்க வீட்டு சாரும் கூட வருவார். ஆனால் பறவை பார்க்க இல்லை. கலிங்கில் உட்கார்ந்து பேப்பர் படிக்க. பிளாஸ்க் டீ அவர் பொறுப்பு.

மார்கழியில் நம் பக்கம் ஆறரை மணிக்கு மேல்தான் சூரியன் தலைகாட்டும். ஆறு மணிக்குக் கரையில் ஏறினால் பனி மூட்டத்தில் தண்ணீரும் தெரியாது, எதிர்க்கரையும் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். எங்கோ கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை, இந்தப் பக்கம் நாமக்கோழிகளின் 'டுக் டுக்'. பனி கலையக் கலைய, முதலில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்கள் தெரியும். அப்புறம் மரத்தின் மேல் கறுப்பாக ஏதோ காய்த்துக் கிடப்பது போலத் தெரியும். அதெல்லாம் நீர்க்காகங்கள். இரண்டு இறக்கையையும் விரித்து வைத்துக்கொண்டு, துணி காயப்போட்ட மாதிரி நிற்கும். பாம்புத்தாராவும் அப்படித்தான். முங்கி மீன் பிடிக்க வசதியாக இவற்றின் இறகு தண்ணீரில் நனைந்துவிடும், வாத்துக்கு நனையாது. அதனால்தான் இந்த வெயில் காய்ச்சல்.

நம் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. தெற்கு வெள்ளாறு பெரும்பாலான நாள் மணல்தான். ஆனால் ஆயிரக்கணக்கில் கண்மாய், ஏரி, குளம், ஊருணி. ஒன்று நிரம்பிக் கலிங்கு வழிந்தால் அடுத்ததற்குப் போகும் என்று சங்கிலி மாதிரி கட்டி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் நம் முன்னோர். ஐப்பசி கார்த்திகை மழை அவற்றை நிரப்புகிறது. மழை முடிகிற நேரத்தில் வடக்கே குளிர் இறுகுகிறது. அங்கே ஏரி உறைந்து, சேறு கெட்டியாகி, பூச்சி மறைந்துவிடுகிறது. இங்கே அதே மாதத்தில் தண்ணீரும் புழுவும் நத்தையும் மீன்குஞ்சும் நிறைந்திருக்கிறது. பறவைகள் குளிருக்குப் பயந்து வருவதாகத்தான் நாம் சொல்கிறோம். உண்மையில் சாப்பாட்டுக்காக வருகின்றன. பஞ்சம் பிழைக்கப் போவது நமக்குத் தெரியாத விஷயமா? நம் ஊரில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறீர்கள்!

இங்கே ஒரு திருத்தம். டீச்சர் புத்தி போகாது, மன்னியுங்கள். "வெளிநாட்டுப் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்க நம் ஊருக்கு வருகின்றன" என்று வருடாவருடம் செய்தி வரும். அது சரியில்லை. மரத்தில் கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறதே நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், இவையெல்லாம் இந்த நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் பார்த்து மாவட்டம் விட்டு மாவட்டம், மாநிலம் விட்டு மாநிலம் போகும். தூர தேசத்திலிருந்து வருகிற வாத்துகளும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டுவதில்லை. அவற்றின் பிரசவ வீடு வடக்கே. பங்குனி சித்திரையில் திரும்பிப் போய், அங்கே கோடையில்தான் முட்டையிடும். நம் ஊர் அவற்றுக்கு மாமியார் வீடும் இல்லை, தாய் வீடும் இல்லை. வேலைக்கு வந்த ஊர்.

எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தண்ணீரின் ஆழத்தை வைத்தே சொல்லிவிடலாம். கரையோரச் சேற்றில் பொரி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி. கணுக்கால் தண்ணீரில் நெடுங்கால் உள்ளான், கொக்கு. முழங்கால் தண்ணீரில் நாரைகள். அதற்கு மேல் வாத்துகளும் நாமக்கோழியும் முக்குளிப்பானும். நடு ஆழத்தில் கூழைக்கடா. தாமரை இலை படர்ந்த இடத்தில், இலை மேலேயே நடந்து போகும் நீளவால் இலைக்கோழி. எனவே ஒரு கண்மாயில் எல்லாப் பறவையும் வரவேண்டும் என்றால் ஆழமும் வேண்டும், ஆழமில்லாத ஓரமும் வேண்டும். ஒரே மாதிரி தோண்டி, சுற்றிலும் சுவர் மாதிரிக் கரை கட்டிவிட்டால் தண்ணீர் நிற்கும், உள்ளானுக்கு நிற்க இடமிருக்காது.

இந்த மார்கழியில் நான் பார்த்த விருந்தாளிகளைச் சொல்கிறேன். ஊசிவால் வாத்து வந்திருக்கிறது, சாக்லேட் நிறத் தலை, நீண்ட கழுத்து. தட்டைவாயன், கரண்டி மாதிரி அலகால் தண்ணீரை அரித்துக்கொண்டே போகும். நீலச்சிறகி என்ற சின்ன வாத்து நிறைய. மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக. ஒரு தகைவிலான் இருபது கிராம் கூட இருக்காது. அது இமயமலைப் பக்கத்திலிருந்தோ அதற்கும் அப்பாலிருந்தோ வந்து நம் ஊர்க் கம்பியில் உட்கார்ந்திருக்கிறது. நீலவால் பஞ்சுருட்டான் வந்திருக்கிறது. வரப்பில் மஞ்சள் வாலாட்டி வாலை ஆட்டிக்கொண்டு திரிகிறது. எங்கள் வீட்டுக் கொல்லை முருங்கையில் புரட்டாசி பிறந்தால் ஒரு பழுப்புக் கீச்சான் வந்து கத்த ஆரம்பிக்கும். இத்தனை ஆயிரம் மைல் தாண்டி வந்தும் போன வருடம் இருந்த தோட்டத்துக்கே திரும்பி வரும் பழக்கம் கீச்சான்களுக்கு உண்டு என்று கால்வளையம் மாட்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எங்கள் வீட்டுக் கீச்சானும் போன வருடத்து ஆள்தான் என்று நான் வைத்திருக்கிறேன். சார் கேட்டால் "வாடகை பாக்கி வைச்சிருக்கான்" என்பார்.

கால்வளையம் என்றதும் நினைவு வருகிறது. நம் பக்கத்து நாகப்பட்டினம் மாவட்டத்துக் கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல ஆண்டுகளாகப் பறவைகளைப் பிடித்து, எண் போட்ட வளையம் மாட்டி விடுகிறார்கள். அந்தப் பறவை வேறு நாட்டில் கிடைத்தால் எங்கிருந்து எங்கே போனது என்று தெரியும். அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி இருக்கிறது. 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த ஏரி. அங்கே வரித்தலை வாத்து வரும். இமயமலையையே தாண்டி வருகிற வாத்து. ஏழாயிரம் மீட்டருக்கும் மேலே பறந்ததைக் கருவி கட்டிப் பதிவு செய்திருக்கிறார்கள். நாமெல்லாம் கொடைக்கானல் பஸ்ஸிலேயே தலைசுற்றி விழுகிறோம்!

எட்டாம் வகுப்புக்குத் தமிழ் எடுத்தபோது சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டை எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! செங்கால் நாரையின் அலகைப் பிளந்த பனங்கிழங்குக்கு உவமை சொல்லியிருப்பார். கரும்பலகையில் பனங்கிழங்கு வரைந்து காட்டினேனே தவிர, நாரையை நான் பார்த்ததில்லை. இப்போது கேமராவில் மஞ்சள்மூக்கு நாரையின் அலகைப் பெரிதாக்கிப் பார்க்கும்போது புரிகிறது, அந்த மனிதர் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று. அதைவிட முக்கியம், அவர் தூது சொல்லும்போது நாரை குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பிப் போகிறது. குளிர் காலத்தில் தெற்கே வந்து, பிறகு வடக்கே போகிற பறவை என்பதை அவர் அறிந்திருந்தார். செங்கால் நாரை நம் பக்கம் இப்போது அரிதாகத்தான் வருகிறது. நான் இன்னும் பார்க்கவில்லை. காத்திருக்கிறேன்.

பார்த்தவர்கள் என்றால் நம் சித்தன்னவாசல் ஓவியரை விட்டுவிட முடியுமா? உங்களில் பாதிப் பேரை நான்தான் சுற்றுலா கூட்டிக்கொண்டு போனேன். அந்தத் தாமரைக் குளத்து ஓவியத்தில் மீன், எருமை, யானையோடு பறவைகளும் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக அந்த விதானத்தில் நீந்திக்கொண்டிருக்கின்றன. நம் மாவட்டத்தின் முதல் பறவைப் படம் அதுதான் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இனி படம் எடுப்பது பற்றி. பலர் கேட்டதால் சுருக்கமாக.

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள். அதற்கு நீங்கள் பூனை மாதிரித் தெரிவீர்கள். சாய்வாக, எங்கேயோ போகிறவர் மாதிரி நடந்து, ஓர் இடத்தில் உட்கார்ந்துவிடுங்கள். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் பறவையே நெருங்கி வரும். தண்ணீர்ப் பறவை என்றால் தாழ உட்கார்ந்து, அதன் கண் மட்டத்தில் எடுங்கள். கண் தெளிவாக இருந்தால் படம் உயிரோடு இருக்கும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்காவது வேண்டும். பளிச்சென்ற நிறத்தில் உடுத்தாதீர்கள். நான் ஒரு பழைய பாசிப்பச்சைச் சேலையை இதற்கென்றே வைத்திருக்கிறேன். "டீச்சர் தினம் ஒரே சேலையில போறாங்க" என்று தெருவில் பேச்சு. பேசட்டும்.

மா. கிருஷ்ணன் என்று ஒருவர் இருந்தார். அ. மாதவையாவின் மகன். கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படம் எடுத்து, 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் இடைவிடாமல் எழுதியவர். இன்றைய வசதி எதுவும் அவருக்கு இல்லை. அவரை நினைத்துக்கொண்டால் நம் கேமராவைக் குறை சொல்லத் தோன்றாது.

செய்யக்கூடாததும் இருக்கிறது. கண்மாயில் பையன்கள் சிலர் வாத்துக் கூட்டத்தின் மேல் கல் எறிந்து, பறக்கும்போது படம் எடுப்பதைப் பார்த்தேன். அந்தப் பறவைகள் வடக்கே திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை பயந்து பறக்கும்போதும் அந்தச் சேமிப்பில் கொஞ்சம் கரைகிறது. சேற்றுப் பூனைப்பருந்து ஒரு சுற்று சுற்றினாலே ஒட்டுமொத்தக் கண்மாயும் எழும்பும். அதுவே அவற்றுக்குப் போதும். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் வேண்டாம், கூட்டின் பக்கம் போவதும் வேண்டாம். நாம் விலகிப் போனதும் காக்காய் வந்துவிடும்.

இப்போது அந்தப் பெயர் சொல்லாத கண்மாய்க்கு வருகிறேன்.

கார்த்திகைக் கடைசியில் ஒரு காலை. மழை விட்டு இரண்டு நாள். வழக்கமான இடத்தை விட்டு, கொஞ்சம் தள்ளி ஒரு சின்னக் கண்மாய்க்குப் போனோம். கரையில் ஒரு பைக் நின்றது. அதில் ஒரு சாக்குப் பை தொங்கியது. பை அசைந்தது. பைக்காரன் தண்ணீருக்குள்ளிருந்து வலையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நானும் நின்றுவிட்டேன். மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தவன்.

"டீச்சர்..."

"என்னப்பா இது?"

பதில் இல்லை. சார் அதற்குள் பையைத் திறந்துவிட்டார். உள்ளே மடையான், கொக்கு, சீழ்க்கைச் சிறகி. பறக்க முடியாதபடி இறக்கைகளை ஒன்றுக்குள் ஒன்று முறுக்கி விட்டிருந்தான். அதில் ஒன்றை எடுத்து இறக்கையைப் பிரித்தபோது வெளிர் நீலம் தெரிந்தது. நீலச்சிறகி. சைபீரியாப் பக்கத்திலிருந்து மலை தாண்டி, பாலைவனம் தாண்டி, எத்தனையோ பருந்துக்குத் தப்பி வந்தது. நம் ஊருக்கு வந்து ஒரு யூரியா சாக்குக்குள் கிடக்கிறது.

"இது எங்கேயிருந்து வந்ததுன்னு தெரியுமாடா?" என்றேன். குரல் வகுப்புக் குரலாகிவிட்டது.

"தெரியும் டீச்சர், வடக்கேயிருந்து வரும். பனிக்கு வரும், வெயிலுக்குப் போயிரும்" என்றான் தலையைக் குனிந்துகொண்டே. "சோடி இருநூறு ரூபா டீச்சர். ரெண்டு மாசமா வேலை இல்ல. வண்டி ஓட்டிக்கிட்டு இருந்தேன், ஓனர் வண்டிய வித்துட்டாரு. ரெண்டு புள்ளைக."

சட்டம் எனக்குத் தெரியும். 1972-ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் குற்றம். கையில் போன் இருந்தது. வனத்துறைக்குச் சொல்லியிருக்கலாம். "சொல்லியிருக்கணும்" என்று உங்களில் சிலர் சொல்வீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. நான் சொல்லவில்லை. "இப்ப, என் கண்ணு முன்னாடி, எல்லாத்தையும் அவுத்து விடு. அடுத்த தடவை பார்த்தா நானே போன் பண்ணுவேன்" என்றேன். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக முறுக்கு எடுத்து விட்டான். பத்துக்கு எட்டு பறந்தன. ஒரு மடையானும் ஒரு கொக்கும் தத்தித் தத்திக் கோரைக்குள் போய் மறைந்தன. பிழைத்ததா தெரியாது. நீலச்சிறகி பறந்தது. வலையை அவனே கத்தியால் அறுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த எட்டுக்காக மகிழ்வதா, அன்று ராத்திரி அவன் வீட்டு அடுப்பை நினைப்பதா? பறவை பாவம் என்று நான் சுலபமாகச் சொல்லலாம், மாசம் பிறந்தால் எனக்குப் பென்ஷன் வருகிறது. அதற்காக அவன் செய்தது சரியாகிவிடாது. வலைக்குள் விழுவது ஒன்றோ இரண்டோ இல்லை. ராத்திரியில் குரலை ஒலிபெருக்கியில் போட்டு இறக்குகிறவர்களும் இருக்கிறார்கள். சாலையோரம் நிறுத்தி வாங்குகிற கார்க்காரர்கள் இருக்கிற வரை பிடிக்கிறவனும் இருப்பான். 'மருந்துக்கு நல்லது', 'சளிக்கு நல்லது' என்று சொல்லி வாங்குகிறார்கள். எந்தச் சளியும் கொக்குக் கறியில் தீராது. என் மாணவர்கள் யாராவது அப்படி வாங்கினதாகத் தெரிந்தால் நான் உங்களிடம் பேசமாட்டேன்.

பதினைந்து நாள் கழித்து ஒரு போன். "டீச்சர், நான்தான்... அந்த நீலப் பட்டை வாத்து நாப்பது அம்பது இறங்கியிருக்கு. போட்டோ புடிக்க வரீங்களா?"

போனோம். நான் போன வாரம் போட்ட படங்களில் ஐந்து அவன் காட்டியவை. அப்போதுதான் தெரிந்தது, என்னை விட அவனுக்குப் பறவை தெரியும். புத்தகப் பெயர் தெரியாது. ஆனால் எந்தக் காற்றுக்கு எந்தக் கரையில் இறங்கும், கம்புள் கோழி எந்தப் புதரில் இருக்கும், எவ்வளவு தூரத்தில் சிறகி தலையைத் தூக்கும், அதற்கு மேல் ஓரடி வைத்தால் பறந்துவிடும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துபடி. கூட்டத்தை ஒரே பார்வையில் எண்ணுவான். பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்த்து, அதே அளவில் கூட்டத்தை வெட்டி வெட்டிக் கணக்குச் சொல்கிறான். கணக்கெடுப்பவர்களுக்குச் சொல்லித் தரும் முறையே அதுதான். எனக்கு வயதாகிவிட்டதால் மெல்லிய கீச்சுக் குரல்கள் காதில் விழுவதில்லை. வயதானால் முதலில் போவது அந்த உச்சக் குரல்கள்தானாம். கதிர்க்குருவி பக்கத்தில் கத்தினாலும் எனக்கு மௌனம். "அந்தா டீச்சர், அந்தக் கோரையில" என்று அவன் கை காட்டினால்தான் நான் கேமராவைத் திருப்புகிறேன்.

அவன் தொழிலை விட்டுவிட்டான் என்று நான் உங்களிடம் சத்தியம் செய்யமாட்டேன். எனக்குத் தெரியாது. என் கூட வரும் காலைகளில் வலை இல்லை, அதுவரை தெரியும். யார் அவன் என்று கமெண்டில் கேட்காதீர்கள். கூடப் படித்தவர்கள் ஊகித்தாலும் பெயர் போடாதீர்கள். அந்தக் கண்மாயின் பெயரைச் சொல்லாததும் இதற்காகத்தான்.

பக்கத்து சிவகங்கை மாவட்டத்தில் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது. அங்கே கொள்ளுகுடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. பல வருடமாக, பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி நடத்துகிறார்கள். கம்பி வேலியும் காவலரும் மட்டும் ஒரு கண்மாயைக் காப்பாற்ற முடியாது. அந்த ஊர்க்காரர்கள் பறவையைத் தங்கள் ஊர்ப் பிரஜையாக நினைக்கிறார்கள். அதனால் அங்கே அது பத்திரமாக இருக்கிறது. நம் ஊரிலும் முடியும். விராலிமலையில் மயிலை யாராவது தொடுகிறார்களா? முருகன் வாகனம் என்று விட்டு வைக்கிறோம். மடையானுக்கும் சிறகிக்கும் அப்படி ஒரு சாமி இல்லை, அதுதான் அவற்றின் தலையெழுத்து.

இப்போது வேண்டுகோள். இரண்டு.

ஒன்று. பொங்கலை ஒட்டி நான்கு நாட்கள் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு' நடக்கும். தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்துகிறார்கள். சிரமமே இல்லை. பதினைந்து நிமிடம் ஓர் இடத்தில் நின்று அல்லது நடந்து, பார்த்த பறவை எது, எத்தனை என்று எண்ணி, ஈபேர்ட் செயலியில் ஏற்ற வேண்டும். காக்காய், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் கணக்குத்தான். தெரியாத பறவையை விட்டுவிடலாம், ஊகித்து எழுதக்கூடாது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கவிநாடு கண்மாய்க்கு வாருங்கள். மாட்டுப் பொங்கலன்று காலை ஆறரைக்கு நான் கரையில் இருப்பேன். போனைப் பையில் வையுங்கள், பிள்ளைகள் கையில் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். பெயர் தேட, க. ரத்னம் அவர்களின் 'தமிழில் பறவைப் பெயர்கள்' என்னிடம் இருக்கிறது, கொண்டு வருகிறேன். கரும்பு வேண்டாம், சார் டீ கொண்டு வருவார். பிளாஸ்டிக் எதுவும் கொண்டு வராதீர்கள்.

இரண்டு. அந்தப் பையனுக்கு ஒரு வேலை வேண்டும். கனரக வண்டி ஓட்டும் லைசென்ஸ் வைத்திருக்கிறான். குடிப்பழக்கம் இல்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். உங்களில் லாரி வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூட வண்டி ஓட்டுகிற இடங்களில் பழக்கம் உள்ளவர்கள், அரிசி ஆலை, கல் குவாரி நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். புதுக்கோட்டை, அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கம் எங்கே இருந்தாலும் சரி. எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். சிபாரிசு நான் செய்கிறேன். டீச்சர் யாருக்காகவும் கேட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

அக்காவுக்கு: கண்மாய்க்கரையில் என்ன தேடுகிறேன் என்று கேட்டாயே, ஒரு நாள் விடியற்காலையில் நீயும் வா. மூட்டு வலிக்கு நாற்காலி போட்டுத் தருகிறேன்.

அனைவருக்கும் முன்கூட்டிய பொங்கல் வாழ்த்துகள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்